எல்லைக்கல்லுக்கு அப்பாலும் சதுப்பு நிலம்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது பரப்பளவுக் கணக்குதான். தென்சென்னையில் வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று இன்று அறியப்படும் ஊர்களை ஒட்டிச் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்த ஈரநிலம் அது. அதில் வனத்துறையின் பொறுப்பில் காப்புக்காடாக இருப்பது இன்று ஏறத்தாழ 700 ஹெக்டேர், அதாவது 7 சதுர கிலோமீட்டர். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,248 ஹெக்டேர். இந்த எண்களைக் கேட்டதும் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: போனது போய்விட்டது, எஞ்சியதைச் சுற்றி வேலி போட்டுக் காப்பாற்றுவோம். அந்த முடிவு தவறானது, அதனால் விளையும் கேடும் பெரிது. புறநகர் விரிவாக்கம் ஓர் ஈரநிலத்தின் உயிர்களை விரட்டும் முதன்மையான வழி, நிலத்தை எடுத்துக்கொள்வது அல்ல. எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்த நிலத்திலும் நீர் எப்போது வருகிறது, எவ்வளவு ஆழம் நிற்கிறது, எப்போது வற்றுகிறது என்பதை மாற்றிவிடுகிறதே, அதுதான் பெரிய இழப்பு. ஹெக்டேர் கணக்கில் அது எங்கேயும் பதிவாவதில்லை.

நீர்ப்பறவைகளின் உடலமைப்பைக் கவனித்தால் இது எளிதாக விளங்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கொசு உள்ளானின் கால் ஒரு விரல் நீளம்கூட இராது. ஈரச் சேற்றிலும் ஓரிரு செ.மீ. நீரிலும்தான் அது மேய முடியும். உப்புக்கொத்திகளும் அப்படியே. சிவந்த நெடுங்கால்களுடைய பவளக்கால் உள்ளான் இன்னும் சற்று உள்ளே, சாண் ஆழம் வரை போகும். நீரில் மிதந்தபடி தலையைக் கவிழ்த்து மேயும் ஊசிவால் வாத்துக்கு அதன் கழுத்து எட்டும் தூரமே எல்லை. அடித்தரை அதற்குக் கீழே போய்விட்டால் அங்கே எவ்வளவு உணவு இருந்தாலும் அதற்குப் பயனில்லை. பூநாரை முழங்கால் அளவு நீரிலும் நின்று மேயும். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் மீன் ஓடும் ஆழம் வேண்டும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் நடந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே குஞ்சு வளர்ப்பது. அதில் அடைகாப்பது ஆண்பறவை. நீலத் தாழைக்கோழிக்கு நாணலும் கோரையும் அடர்ந்த மறைவு தேவை. ஒரே சதுப்பு நிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்க முடிகிறது என்றால், அங்கே சேறு முதல் மார்பளவு நீர் வரை எல்லா ஆழங்களும் அருகருகே, மெல்லச் சரிந்து போகும் தரையில் அமைந்திருக்கின்றன என்று பொருள். ஒரு பறவையின் வாழிடம் என்பது வரைபடத்தில் காணும் நீலநிறப் பரப்பு முழுவதும் அல்ல. அதன் காலுக்கும் கழுத்துக்கும் அலகுக்கும் பொருந்துகிற சில சென்டிமீட்டர் ஆழம்தான்.

இந்த ஆழமும் நிலையானதல்ல. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. சதுப்பு நிறையும். தை பிறந்ததும் நீர் மெல்ல இறங்கத் தொடங்கும். இறங்க இறங்க நீரின் விளிம்பு நாளுக்கு நாள் உள்வாங்கி, நேற்றுவரை மூழ்கியிருந்த சேற்றை இன்று திறந்துவைக்கும். அந்தப் புதுச்சேற்றில்தான் புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும் சிறு நத்தைகளும் எட்டும் தொலைவில் கிடைக்கும். வலசை வந்த உள்ளான்கள் மாசி, பங்குனியில் வடதிசைப் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நாட்களும் இவையே. வற்றுவதும் நிறைவதைப் போலவே பயன் தருவது. கோடையில் காய்ந்து வெடிக்கும் சேற்றில் காற்று புகுந்து மட்கிய பொருள்களைச் சிதைக்கிறது. கோரை வகைகளின் விதைகள் முளைக்கின்றன. பெரிய மீன்கள் இல்லாமல் போவதால் அடுத்த மழையில் பூச்சிகளும் தவளைக்குஞ்சுகளும் பெருகுகின்றன. வறண்டு கிடக்கும் சதுப்பு நிலத்தைப் பார்த்து அது செத்துவிட்டதாக நினைப்பவர்கள், ஆண்டுக்கொரு முறை அது மூச்சை உள்ளிழுக்கும் பருவத்தையே பார்க்கிறார்கள். ஆகவே வாழிடம் என்று நாம் சொல்வது ஓர் இடத்தையும் ஒரு கால ஒழுங்கையும் சேர்த்துத்தான். வேலி இடத்தைக் காக்கலாம். கால ஒழுங்கைக் காக்க அதனால் ஆகாது, ஏனென்றால் அந்த ஒழுங்கு உருவாவது வேலிக்கு வெளியே.

எங்கே உருவாகிறது? பள்ளிக்கரணைக்கு வந்து சேரும் நீரின் பிடிப்புப் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். மேற்கிலும் தென்மேற்கிலும் தாம்பரம் பக்கத்து மேட்டு நிலம் வரை அது நீள்கிறது. மாடம்பாக்கம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகள் அந்தச் சரிவில் இருக்கின்றன. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது, கடைசியில் சதுப்பு. இடையில் மதகு வழியாகப் பாயும் நீரில் நெல்வயல்கள். ஒவ்வோர் ஏரியும் ஒவ்வொரு வரப்பும் நீரைச் சில நாளோ சில வாரமோ பிடித்துவைத்து விட்டதால்தான், ஐப்பசியில் பெய்த மழை மார்கழி வரை தவணை தவணையாகச் சதுப்பை வந்தடைந்தது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போனது. இந்த வயல்களும் ஏரிக் கரையோரங்களும் பறவைகளுக்கு மேய்ச்சல் நிலமாகவும் இருந்தன. மடையான், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை ஆகியவற்றுக்குச் சதுப்பும் வயலும் ஒரே நிலப்பரப்பின் இரண்டு பகுதிகள், அவ்வளவுதான். ஆவணத்தில் பட்டா நிலம், ஏரிப் புறம்போக்கு, சதுப்பு என்று மூன்றாகப் பிரிந்து கிடப்பது அவற்றுக்குத் தெரியாது.

இந்தச் சரிவில் வீட்டுமனைகள் வந்தபோது என்ன நடந்தது என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். 250 சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் இரண்டரைக் கோடி கன மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது சென்னைக்குப் புதிதல்ல. அந்த நீர் முழுவதும் ஓடிவந்து, ஒரு சொட்டும் வெளியேறாமல் நின்றால், பழைய 50 சதுர கிலோமீட்டர் சதுப்பில் நீர்மட்டம் அரை மீட்டர் உயர்ந்திருக்கும். இன்றைய ராம்சார் பரப்பு முழுவதையும் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் இரண்டு மீட்டர் உயரும். காப்புக்காட்டுப் பரப்பை மட்டும் எடுத்தால் மூன்றரை மீட்டர். உண்மையில் முழு நீரும் ஓடி வராது. மண் குடிக்கும், ஏரி பிடிக்கும், மடுவு வழியே வெளியேறும். ஆனால் அந்த மூன்று வடிகட்டிகளையும் புறநகர் வளர்ச்சி ஒரே நேரத்தில் பலவீனமாக்கியிருக்கிறது. கூரையும் தாரும் சிமென்டும் மூடிய ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. மழை பெய்தால் பத்து லட்சம் லிட்டர் நீர் மண்ணைத் தொடாமலே வடிகாலுக்கு ஓடுகிறது. வரத்துக் கால்வாய்கள் அடைபட்டு, ஏரிகளின் நீர்பரப்பில் வீடுகள் ஏறியபின் ஏரிகள் பிடிப்பது குறைந்துவிட்டது. வாரக்கணக்கில் வந்த நீர் மணிக்கணக்கில் வருகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் அதன் விளைவைத் தங்கள் வீட்டுக் கூடங்களில் கண்டார்கள். அதே நீர்மட்ட ஏற்றம் கோரைக்கு நடுவே கூடு கட்டியிருந்த ஒரு தாழைக்கோழிக்கு என்ன செய்திருக்கும் என்று எழுத எந்த நாளிதழிலும் இடமில்லை. முக்குளிப்பானின் மிதவைக் கூடு நீரோடு சற்று உயரும். அதற்கும் ஓர் அளவுண்டு. ஒரே இரவில் மார்பளவு ஏறும் வெள்ளத்துக்கு எந்தக் கூடும் ஈடுகொடுக்காது.

மழைக்காலத்தில் நீர் மிகுந்தால் கோடையில் வற்றத்தானே செய்யும், அந்த ஒழுங்காவது மிஞ்சுமே என்று தோன்றலாம். அதுவும் மிஞ்சவில்லை. குடியிருப்புகள் வரும் வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வருவதில்லை. கழிவுநீர் மழைநீர் வடிகாலில் கலந்து, ஏரி வழியாகவோ நேராகவோ சதுப்பை அடைகிறது. அது பருவம் பார்த்து வருவதல்ல, பங்குனி வெயிலிலும் வரும். வற்ற வேண்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் நீர் நிற்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்த அந்த நீரில் ஆகாயத்தாமரையும் சம்பும் தழைத்து, திறந்த சேற்றையும் ஆழமற்ற நீர்ப்பரப்பையும் மூடுகின்றன. அழுகும் தாவரங்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, குறைந்த ஆக்சிஜனிலும் தாங்கும் ஆப்பிரிக்கக் கெளிறு போன்ற அயல் மீன்கள் பிழைக்கின்றன. மேலிருந்து எடுத்த படத்தில் இந்தப் பகுதி பச்சைப் பசேல் என்று தெரியும். பரப்பளவும் குறைந்திராது. கொசு உள்ளானுக்கு மட்டும் அங்கே கால் வைக்க இடம் இராது.

பரப்பளவை மட்டும் நம்புவது அறிவியலின் பெயராலும் நடக்கிறது என்பதால் அதையும் சொல்ல வேண்டும். 1967-இல் ராபர்ட் மக்கார்தரும் எட்வர்ட் வில்சனும் தீவுகளின் உயிர்ப்புவியியல் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார்கள். பரப்பு குறையக் குறைய அங்கே வாழக்கூடிய இனங்களின் எண்ணிக்கையும் குறையும் என்பதும், அந்தக் குறைவு நேர்விகிதத்தில் அமையாது என்பதும் சூழலியலில் உறுதிப்பட்ட செய்திகள். வழக்கமாகப் பயன்படுத்தும் மதிப்புகளை இட்டால், பரப்பு நான்கில் ஒன்றாகச் சுருங்கும்போது ஏறத்தாழ எழுபது விழுக்காடு இனங்கள் எஞ்சும். பள்ளிக்கரணை 50 சதுர கிலோமீட்டரிலிருந்து 12 சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியதற்கு இதைப் பொருத்தினால் ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் அந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எஞ்சிய கால்பங்கு, போன முக்கால்பங்கைப் போன்றே இருக்கிறது என்பது. ஒரு கடல்தீவுக்கு அது பொருந்தலாம். சுற்றியுள்ள கடல் தீவின் மண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதில்லை. புறநகரால் சூழப்பட்ட சதுப்பு நிலத்தின் நிலை வேறு. சுற்றிலும் இருப்பது ஒவ்வொரு மழையிலும், ஒவ்வொரு நாள் சாக்கடையிலும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. எஞ்சிய பரப்பு சிறிதாக ஆக, அதன் விளிம்பின் நீளம் பரப்போடு ஒப்பிடும்போது பெருகுவதால், உள்ளே வருவதன் பங்கும் கூடுகிறது.

நீர் வழியாக மட்டும் வருவதல்ல இந்தத் தாக்கம். பெருங்குடியில் 200 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைமேடு பல பத்தாண்டுகள் சதுப்பின் மேலேயே வளர்ந்தது. அண்மை ஆண்டுகளில்தான் அதை அகழ்ந்து பிரித்து அகற்றும் பணி நடக்கிறது. குப்பையிலிருந்து கசியும் நச்சுநீரைப் பற்றி ஓரளவு பேசப்படுகிறது. குப்பை ஊட்டி வளர்க்கும் உயிர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காகங்களும் கரும்பருந்துகளும் தெருநாய்களும் குப்பையில் பசியாறிப் பெருகுகின்றன. பெருகியபின் பக்கத்துக் கோரையில் இருக்கும் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. இயற்கையில் இரை குறைந்தால் வேட்டையாடியும் குறையும். இங்கே இரை குறைந்தாலும் குப்பை சோறு போடுவதால் வேட்டையாடி குறைவதில்லை. பள்ளிக்கரணையிலிருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி ரேடியல் சாலை சதுப்பை ஊடறுத்துச் செல்கிறது. பறந்து கடக்கும் பூநாரைக்கு அது தடையல்ல. மழைநாள் இரவில் மேட்டிலிருந்து நீருக்கு வரவேண்டிய தவளைக்கும், தவளையைத் தேடும் நீர்ப்பாம்புக்கும், முட்டையிடக் கரையேறும் ஆமைக்கும் அதுதான் உலகத்தின் முடிவு. நீருக்கும் அது ஓர் அணைக்கட்டு. மறுபுறம் போக நீருக்குக் கிடைப்பது சிறுபாலங்களின் அகலம் மட்டுமே.

இதற்கெல்லாம் எதிராக எழும் முதல் கேள்வி, கண்ணால் காண்பதை வைத்து எழுவது. இவ்வளவு கெட்டிருந்தால் பறவைகள் ஏன் வருகின்றன? சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினாலே நூற்றுக்கணக்கில் தெரிகின்றனவே? கேள்வி நியாயமானது, விடையும் உண்டு. பிரேசிலில் மனாஸ் நகருக்கு அருகே 1979-இல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வில், அமேசான் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கும்போது குறிப்பிட்ட அளவுகளில் காட்டுத் துண்டுகளை விட்டுவைத்து, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டதும் எஞ்சிய துண்டுகளில் வலைகளில் சிக்கிய பறவைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. இடமிழந்தவை அங்கே வந்து ஒதுங்கியிருந்தன. பிறகு அந்த எண்ணிக்கை சரிந்து பழைய நிலைக்கும் கீழே போனது. சுற்றிலும் ஏரிகளும் வயல்களும் மறைந்துகொண்டே இருக்கும் பகுதியில், எஞ்சிய ஒரே சதுப்பில் கூட்டம் மிகுவதை நலத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது. வேறு போக்கிடம் இல்லை என்பதும் அதே கூட்டத்தைத் தரும். 1994-இல் டேவிட் டில்மனும் ராபர்ட் மேயும் பிறரும் எழுதிய கட்டுரை அழிவுக் கடன் என்ற கருத்தை விளக்கியது: வாழிடம் அழிந்த அன்றே இனம் அழிவதில்லை, பல தலைமுறைகள் இழுத்துக்கொண்டு கிடந்து பின்னர் மறையும். ஒரு கணக்கெடுப்பில் இனம் இருக்கிறது என்று குறிப்பதோடு நிறுத்தாமல், அது அங்கே கூடு கட்டியதா, குஞ்சு பறந்ததா, வலசை புறப்படும்போது போதிய எடை இருந்ததா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது மறுமொழி நிர்வாகத்தின் பக்கமிருந்து வருவது, நல்லெண்ணத்தோடும் வருவது. ஏரிகளைத் தூர்வாரி ஆழப்படுத்துகிறோம், கரையைப் பலப்படுத்தி நடைபாதை போடுகிறோம், நடுவில் பறவைகளுக்காக மண்திட்டு அமைக்கிறோம், இழந்ததற்கு ஈடாகாதா? வெள்ளத் தடுப்புக்கும் நிலத்தடி நீருக்கும் இவற்றால் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழைய ஏரியின் தரை ஒரு தாம்பாளத்தின் சரிவு போல விளிம்பை நோக்கி மெல்ல ஏறுவது. ஆழப்படுத்திக் கல்கட்டிய ஏரி அண்டாவைப் போன்றது. கொள்ளளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், அண்டாவில் இன்னும் கூடலாம். நீர் ஓரடி இறங்கினால் தாம்பாளத்தில் பரந்த சேற்றுவெளி திறக்கும். அண்டாவில் ஓரடி ஈரச்சுவர் மட்டும் தெரியும். நம் ஏரிச் சீரமைப்புத் திட்டங்கள் கொள்ளளவைக் கன அடியில் அளக்கின்றன; விளிம்பின் சரிவை அளப்பதில்லை. விளைவாக உள்ளான்களும் கொக்குகளும் மேய்ந்த ஏரி, நீர்க்காகமும் கூழைக்கடாவும் மட்டும் தங்கும் குளமாக மாறுகிறது. அவையும் பறவைகள்தாம், அழகானவைதாம். ஆனாலும் அது மாற்றீடு, மீட்பு அல்ல. கரையின் ஒரு பக்கத்தையாவது கல்கட்டாமல் மென்சரிவாக விட்டுவிடுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை என்பது இதில் என்னை மிகவும் வருத்துவது.

உயிர்கள் தகவமைத்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். சில தகவமைத்துக்கொள்ளும். காகம், மாடப்புறா, மைனா, உண்ணிக்கொக்கு எல்லாம் நம்மோடு வாழப் பழகியவை. எதையும் தின்னும், எங்கும் கூடு கட்டும் இனங்கள் தப்பிக்கும். ஒரே ஆழத்தை, ஒரே தாவரத்தை, ஒரே பருவத்தை நம்பியவை போகும். ஒவ்வொரு நகரின் புறநகரிலும் இதே தேர்வு நடப்பதால், ஒன்றுக்கொன்று வேறான நிலங்களில் வாழ்ந்த வேறான உயிர்க்கூட்டங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. கால்நீளம் கூடுவதற்குக் கொசு உள்ளானுக்கு எத்தனை ஆயிரம் தலைமுறை வேண்டும்? ஒரு மனைப்பிரிவு அனுமதி பெற்று விற்றுத் தீர இரண்டு மூன்று ஆண்டுகள் போதும்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் மனிதரைப் பற்றியது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வேலை தேடி வருவோருக்கும் வளரும் குடும்பங்களுக்கும் வீடு வேண்டும். பறவைக்காக மனிதர் தெருவில் நிற்கவா என்று கேட்பவரின் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் வீட்டுத் தேவையும் நிலப்பசியும் ஒன்றல்ல. ஆளுக்கொரு கிரவுண்டு என்று நூறு குடும்பங்களுக்கு மனை பிரித்தால், சாலைக்கும் பொது இடத்துக்கும் சேர்த்து எட்டு ஏக்கருக்கு மேல் போகும். ஆயிரம் சதுர அடி வீடுகளாக, மனைப்பரப்பைப் போல இருமடங்கு கட்டடப் பரப்போடு அடுக்கினால் ஒன்றேகால் ஏக்கருக்குள் அதே நூறு குடும்பங்கள் அடங்கும். அடுக்கிக் கட்டினால் மட்டும் போதுமா என்றால், போதாது. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அரசு குடியமர்த்தியது. பெரும்பாக்கத்தில் அவை அடுக்குமாடிகள்தாம், ஆனால் தண்ணீர் இயல்பாக வந்து சேரும் தாழ்நிலத்தில் நிற்கின்றன. அந்த மக்கள் வேலையையும் பள்ளியையும் விட்டுத் தொலைவு வந்தார்கள். மழைக்காலத்தில் வெள்ளத்தையும் சுமக்கிறார்கள். இங்கே மனிதரும் பறவையும் எதிரெதிர் அணியில் இல்லை. நீர் எங்கே நிற்கும் என்ற கேள்வியைக் கேட்காமல் இடம் தேர்ந்ததன் விலையை இருவருமே கொடுக்கிறார்கள். தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவன வளாகங்களும் அதே தாழ்நிலத்தைத் தேர்ந்ததற்கு இருப்பிடமில்லாக் கொடுமை காரணமல்ல. வருவாய்ப் பதிவேட்டில் பயனற்றது என்று எழுதப்பட்ட நிலம் மலிவாகவும் தடையின்றியும் கிடைத்தது என்பதே காரணம்.

சட்டம் இதை முற்றிலும் அறியாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், ஈரநிலத்தின் எல்லையோடு அதன் தாக்கப் பகுதியையும் வரையறுக்கச் சொல்கின்றன. எந்த நிலத்தில் நடக்கும் மாற்றம் ஈரநிலத்தைப் பாதிக்குமோ அந்த நிலம். மேலே சொன்ன வாதம் முழுவதும் அந்த ஒரு சொற்றொடருக்குள் அடங்கும். நடைமுறையில் இது சதுப்பைச் சுற்றி ஒரே அகலத்தில் வட்டம் போடுவதாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நீர் வட்டமாக வருவதில்லை. சதுப்பின் கிழக்கு விளிம்பிலிருந்து சில நூறு மீட்டரில் இருக்கும் ஒரு மனையைவிட, பத்து கிலோமீட்டர் மேற்கே ஓர் ஏரியின் வரத்துக் கால்வாய்மேல் எழும் மனைப்பிரிவு கூடுதல் கேடு செய்யக்கூடும். தாக்கப் பகுதியைச் சரிவையும் வாய்க்காலையும் பின்பற்றி வரைய வேண்டும். அதற்குள் கட்டவே கூடாது என்று சொல்வதற்காக அல்ல, கட்டுவது முன்பு மண் குடித்த நீரைத் தன் மனைக்குள்ளேயே பிடித்துவைத்து மெல்ல விடுகிறதா, கழிவுநீரை வேறெங்கே அனுப்புகிறது என்பதை ஒவ்வோர் அனுமதியிலும் கேட்பதற்காக.

இது அவசரமாவது பள்ளிக்கரணைக்காக மட்டுமல்ல. 2022-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏராளமான ஏரிகள் இப்போது திட்டமிடுவோரின் வரைபடத்துக்குள் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கீழே இன்னும் நெல் விளைகிறது, கலங்கல்கள் இன்னும் அடுத்த ஏரிக்கு வழிகின்றன, விளிம்புகள் இன்னும் சரிவாக இருக்கின்றன. இந்த ஏரிகளின் கொள்ளளவும் முழுநீர்மட்டமும் அரசுப் பதிவேடுகளில் உண்டு. எந்த மாதத்தில் எவ்வளவு பரப்பு முழங்காலுக்குக் குறைந்த நீராக இருக்கிறது, எவ்வளவு பரப்பு வெறும் சேறாகத் திறக்கிறது என்ற கணக்கும் அதே பதிவேடுகளில் ஏற வேண்டும். அதைத் தயாரிப்பது கடினமல்ல. ஒரு பருவமழை தொடங்கி அடுத்த கோடை முடியும் வரை சில நாளுக்கொரு முறை கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களையும், ஏரிக்குள் இறங்கி எடுக்கும் ஆழ அளவுகளையும், ஊர்ப் பறவை ஆர்வலர்களின் பதிவுகளையும் சேர்த்தால் ஒவ்வோர் ஏரிக்கும் அப்படியொரு வரைபடம் கிடைத்துவிடும். புதிய பகுதிகளில் நிலப்பயன்பாட்டை வகைப்படுத்துவதற்கு முன் அது கையில் இருக்க வேண்டும். வகைப்படுத்தி, மனை பிரித்து, சாலை போட்டபின் எடுக்கும் ஆழக் கணக்கு, மாறிப்போன ஏரியை மட்டுமே அளக்கும்.